உயரம்தான் கைமுதல்

(மட்டக்களப்பில் வாவிக்கரையோர வாசிகசாலை ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பெரியோருக்கும் தோணித்தொழில் செய்யும் சகோதரர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம். எஞ்சின் நின்ற விமானமும் பரசூட்டில் வருபவரும் எப்படி இறங்குவது, விழுந்தவருக்கு நாம் எப்படி உதவுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

எஞ்சின் நின்றால் விமானம் கல்லுப்போல விழும் என்று பலர் நினைக்கிறார்கள். விழாது, மிதந்துகொண்டு இறங்கும். செஸ்னா 172 என்ற நாலு பேர் அமரும் சிறு விமானம் ஓர் அடி தாழ்வதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே போகும். 3,000 அடியில் எஞ்சின் நின்றால், காற்றில்லாத நாளில் எட்டுக் கிலோமீற்றர் வரை போகலாம். அந்த 3,000 அடிதான் விமானியின் கைமுதல். எஞ்சின் நின்ற நொடியிலிருந்து அது செலவாகிக்கொண்டே இருக்கும்.

அதனால் முதல் வேலை வேகத்தை 68 நொட்டில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 126 கிலோமீற்றரில் பிடிப்பது. அடுத்தது இறங்கும் இடத்தைத் தெரிவது. எரிபொருள் வால்வையும் பற்றவைக்கும் சுவிச்சையும் பார்த்து எஞ்சினை மறுபடி கிளப்பப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். தரை நெருங்க நெருங்க மூக்கைத் தூக்கச் சொல்லிக் கை துடிக்கும். தூக்கினால் வேகம் செத்து, இறக்கை தாங்கும் பலத்தை இழந்து, விமானம் தலைகுப்புறப் போகும். விமானி கட்டுப்பாட்டோடு மெதுவாகத் தரையைத் தொட்டால் பெரும்பாலும் உயிர் தப்பலாம். மணிக்கு 50 மைல் வேகத்தில் போகிற விமானம் ஒரே சீராக நிற்பதற்குப் பத்தடிக்கும் குறைந்த தூரம் கிடைத்தாலே உடல் தாங்கக்கூடிய அளவுக்குள் அதிர்ச்சி அடங்கும். 100 மைல் என்றால் அதைப்போல நாலு மடங்கு தூரம் வேண்டும். காற்றை எதிர்கொண்டு இறங்கச் சொல்வது இதற்காகத்தான்.

நமது பக்கத்து வயலை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்போக அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயல் நல்ல இடம். வரம்புக்குக் குறுக்கே போகாமல் அதன் நீளத்துக்கே இறங்க வேண்டும். உழுது தண்ணீர் கட்டிய வயல் மேலிருந்து பார்க்க மெத்தைபோல இருக்கும், ஆனால் சேற்றில் முன்சில்லுப் புதைந்தால் விமானம் கவிழ்ந்துவிடும். தொடுமுன் கதவைச் சற்றுத் திறந்து இடையில் ஒரு சப்பாத்தைச் செருகி வைப்பார்கள். விமானத்தின் உடல் நெளிந்தால் கதவு இறுகிப்போகும் என்பதால்தான்.

பெரிய விமானத்துக்கும் கணக்கு இதுவேதான். 1983 ஜூலை 23இல் எயார் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடியில் எரிபொருள் தீர்ந்து நின்றது. நாங்கள் இன்றைக்கும் பாணை இறாத்தலில்தான் கேட்கிறோம், ஆனபடியால் எரிபொருளை அளந்ததில் நேர்ந்த பிழை நமக்கு உடனே விளங்கும். ஒரு லீற்றர் எரிபொருளின் எடை ஏறத்தாழ 0.8 கிலோ. அதே லீற்றர் 1.77 இறாத்தல். கிலோவில் கணக்குப் பார்க்க வேண்டிய இடத்தில் 1.77ஆல் பெருக்கிவிட்டார்கள். 22,300 கிலோ வேண்டியிருந்த விமானம் அதில் பாதிக்கும் குறைவாக நிரப்பிக்கொண்டு கிளம்பியது. எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டிப் பழகிய கப்டன் றொபேர்ட் பியர்சன் விமானத்தைப் பக்கவாட்டில் சரித்து உயரத்தைக் குறைத்து, கிம்லி என்ற இடத்தில் காரோட்டப் பந்தயத் திடலாக மாறியிருந்த பழைய ஓடுபாதையில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

2009 ஜனவரி 15இல் நியூயோர்க்கில் ஒரு ஏ320 விமானத்தின் இரண்டு எஞ்சினுக்குள்ளும் காட்டு வாத்துகள் புகுந்தன. உயரம் சுமார் 2,800 அடி. மூன்றரை நிமிடத்தில் விமானம் ஹட்சன் ஆற்றில் இருந்தது. 155 பேரும் உயிரோடு வந்ததற்கு விமானியின் திறமை ஒரு காரணம். முதல் படகு நாலு நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தது மற்றது. தோணிக்காரரைக் கூப்பிட்டு இதைப் பேசுவது அதனால்தான். 1996இல் கொமோரோஸ் கரையருகே கடலில் இறங்கிய எத்தியோப்பிய விமானத்தில் 175 பேரில் 125 பேர் இறந்துபோனார்கள். பலர் உயிர்காப்பு அங்கியை உள்ளேயே ஊதிவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஏற ஏற அது ஆளைக் கூரையோடு அழுத்தும், வாசலுக்கு முங்கிப் போக விடாது. வெளியே காலை வைத்த பிறகுதான் ஊத வேண்டும்.

வாவிக்கு இன்னொரு சூது உண்டு. கச்சான் காற்று ஓய்ந்த விடியற்காலையில் அது கண்ணாடிபோலக் கிடக்கும். மேலிருந்து பார்ப்பவருக்குத் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தண்ணீரில் இறங்கும் மிதவை விமானங்களை ஓட்டுபவர்கள் அப்போது கண்ணை நம்ப மாட்டார்கள். கரையை ஒட்டி, மூக்கைச் சற்று உயர்த்தி, நிமிடத்துக்கு 150 அடி வீதம் தண்ணீர் தானே வந்து தொடும்வரை இறங்குவார்கள். பரசூட்டில் வருபவரையும் இதே சூது ஏமாற்றும். பாதம் நனையுமுன் பட்டியைக் கழற்றிவிட்டுக் குதித்தவர்கள் ஐம்பதடி உயரத்திலிருந்து விழுந்திருக்கிறார்கள்.

உகனையில் விமானப்படையின் பரசூட் பயிற்சிப் பாடசாலை இருப்பதால் அம்பாறைப் பக்கத்தார் குடைகளைப் பார்த்துப் பழகியவர்கள். பரசூட் திறக்குமுன் ஆயிரம் அடி கடக்க ஐந்தரை செக்கன்தான். திறந்த குடை முறுகியோ கிழிந்தோ இருந்தால், அதை அறுத்துவிடுவதா என்று புதியவர் 2,500 அடிக்குக் கீழே இறங்குமுன் முடிவெடுக்க வேண்டும் என்கிறது அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் விதி. பெரும்பாலான பைகளில் வலப்பக்கக் கைபிடி கெட்ட குடையை அறுத்துவிடும், இடப்பக்கக் கைபிடி றிசேர்வ் என்ற மாற்றுக் குடையைத் திறக்கும். வரிசை மாறினால் இரண்டு குடையும் ஒன்றோடொன்று சிக்கும். என்றாலும் பலர் இறப்பது நன்றாகத் திறந்த குடையின் கீழேதான். தென்னையையோ கம்பியையோ கண்டு கடைசி நூறடியில் வெடுக்கென்று திரும்பினால் குடை சரிந்து ஆளைத் தரையில் அடிக்கும். அவ்வளவு தாழ்வில் திரும்புவதை விடக் காற்றோடு நேரே போய் விழுவது மேல். முழங்காலும் பாதமும் ஒட்டி இருக்க வேண்டும். பாதம், கெண்டை, தொடை, பிட்டம், முதுகின் பக்கம் என்று உருண்டு அதிர்ச்சியைப் பங்கிட வேண்டும்.

இனித் தோணிக்காரருக்கு. வாவியில் ஒருவர் விழுந்தால், குடை மிதக்கும் பக்கத்தால் போக வேண்டாம். அதன் நூல் எஞ்சின் விசிறியில் சுற்றினால் அவரையும் தண்ணீருக்குள் இழுக்கும். கடைசித் தூரத்துக்கு எஞ்சினை நிறுத்தித் துடுப்பால் போங்கள். துணி தலைமேல் மூடியிருந்தால் ஒரு தையலைப் பிடித்து அதன் வழியே ஓரம்வரை விலக்குங்கள். வயலில் காற்று இழுத்துக்கொண்டு போனால் குடையின் ஒரு பக்க ஓரத்தை மாத்திரம் பிடித்து இழுங்கள், சுருண்டுவிடும். கரண்ட் கம்பியில் தொங்குபவரைத் தொடக்கூடாது, குடையையும் தொடக்கூடாது. மின்சாரசபை கம்பியைத் துண்டித்துவிட்டதாகச் சொல்லும்வரை பத்து மீற்றர் தள்ளி நின்று, அவரை அசையாமல் இருக்கச் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். தரையில் கிடப்பவரின் ஹெல்மெற்றைக் கழற்றாதீர்கள், கழுத்தைத் திருப்பாதீர்கள். மூச்சு வருகிறதா என்று மாத்திரம் பார்த்துக்கொண்டு அம்புலன்ஸ் எண்ணான 1990க்கு அழையுங்கள்.