மாஸ்கோ வரிசைகளில் பிறந்த சொற்கள்

அவையோருக்கு வணக்கம்.

மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழில் அச்சிட்ட நூல்களை மலிவு விலைக்கு வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அந்த நூல்கள் நமக்குக் கொடுத்தது பெரிய செல்வம். ஆனால் அவற்றுக்குள் அதிகம் வராத ஒரு ரஷ்ய மொழியும் இருந்தது. கடை வரிசையிலும் சமையலறையிலும் சிறை முகாமிலும் பேசப்பட்ட மொழி. அரசு எதையெல்லாம் வெளியே சொல்லவில்லையோ, அதற்கெல்லாம் அந்த மொழியில் ஒரு சொல் இருந்தது. அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

சோவியத் காலத்தில் ஒருவர் நல்ல காலணி போட்டுக்கொண்டு வந்தால், நண்பர்கள் "எங்கே வாங்கினாய்?" என்று கேட்பது அபூர்வம். "எங்கே தஸ்தால்?" என்பார்கள். எங்கே தேடிப் பிடித்தாய் என்று அர்த்தம். பலர் கையில் சம்பளப் பணம் இருந்தது, கடையில்தான் சரக்கு இல்லை. காசு கொடுப்பது கடைசியில் வரும் சின்ன வேலை. கடையில் திடீரென்று சரக்கு வந்துவிட்டால் "வீப்ரசிலி" என்ற செய்தி தெருவெல்லாம் பரவும். 'வெளியே வீசியிருக்கிறார்கள்' என்று பொருள். வரிசையைக் கண்டால் முதலில் போய் நின்றுகொள்வார்கள், அப்புறம்தான் "என்ன கொடுக்கிறார்கள்?" என்று விசாரிப்பார்கள். வீசுகிறார்கள், கொடுக்கிறார்கள் என்றே பேச்சு ஓடியது. தன் காசில் வாங்குகிறவருக்கு அங்கே என்ன மரியாதை இருந்தது என்பதை இந்த இரண்டு வினைச்சொற்களே காட்டிவிடும்.

அதே காலத்தில் எல்லார் பையிலும் மடித்து வைத்த வலைப்பை ஒன்று இருக்கும். 1930களில் அதற்கு அவோஸ்கா என்று பெயர் வந்தது. 'அவோஸ்' என்றால் ஒருவேளை, கிடைத்தாலும் கிடைக்கலாம் என்பது. வேலை முடிந்து வரும் வழியில் எங்காவது ஆரஞ்சுப் பழம் கிடைத்தாலும் கிடைக்கலாம் இல்லையா? இல்லாமைக்கு நடுவில் ஒரு பைக்கு இப்படிப் பெயர் வைத்த மக்களை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

சரி, வரிசையில் நின்றும் கிடைக்காதது எப்படிக் கிடைத்தது? அதற்குத்தான் 'பிளாத்'. திருடர்களின் பேச்சிலிருந்து வந்த சொல் இது. தெரிந்தவர் மூலமாகக் காரியம் சாதிப்பதைக் குறிக்கும். இதை லஞ்சம் என்று எடுத்துக்கொண்டால் பாதி விஷயம் விட்டுப்போகும். பெரும்பாலும் இதில் பணம் கைமாறுவதில்லை. இறைச்சிக் கடைக்காரர் மருத்துவருக்கு நல்ல துண்டாக எடுத்து வைப்பார், மருத்துவர் அவருடைய தாயாருக்கு மருத்துவமனையில் படுக்கை பிடித்துக் கொடுப்பார், அவ்வளவுதான். நாட்டின் அமைச்சரவைக்கு சோவ்நர்கோம் என்று பெயர் இருந்த நாட்களிலேயே, "சோவ்நர்கோமை விட பிளாத் பெரியது" என்று ஒரு சொலவடை புழங்கியது. ஸ்டாலின் ஆட்சியில் அப்படிப் பேசத் துணிச்சல் வேண்டும். இந்த வலைப்பின்னல் அன்பையும் வளர்த்தது, கணக்குப் பார்க்கும் நட்பையும் வளர்த்தது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

திருடர் பேச்சு எப்படி வீட்டுப் பேச்சானது? அதற்கு குலாக் என்ற கட்டாய உழைப்பு முகாம்களைப் பார்க்க வேண்டும். 1930 முதல் 1953 வரை ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பேர் அந்த முகாம்களையும் உழைப்புக் குடியிருப்புகளையும் கடந்து வந்தார்கள். திருடரும் பேராசிரியரும் ஒரே கொட்டகையில் படுத்தார்கள். 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்ததும் அந்த மாதக் கடைசியிலேயே பொதுமன்னிப்பு வந்து, 12 லட்சம் பேர் வரை வெளியே வந்தார்கள். அரசியல் கைதிகளில் பெரும்பாலோர் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தவர்களோடு சொற்களும் வந்தன. காட்டிக்கொடுப்பவர் 'ஸ்துகாச்', தட்டுகிறவர். போலி வேலை 'துஃப்தா'. முகாமில் செய்த வேலையின் அளவை வைத்துத்தான் ரொட்டி. வெட்டாத மரத்தை வெட்டியதாகக் கணக்கு எழுதினால் ஒரு துண்டு அதிகம் கிடைக்கும், உயிர் தங்கும். இன்று மாஸ்கோவில் ஒரு பள்ளி மாணவன் மோசமான பொருளைப் பார்த்து "துஃப்தா" என்று சொல்லிவிட்டுப் போகும்போது, அவனுக்குத் தெரியாமலே அந்தப் பசி அவன் வாயில் இருக்கிறது.

பிறகு 1970களின் சமையலறைகள். அங்கே அரசை 'சோஃபியா விளாஸ்யெவ்னா' என்று ஒரு பெண்மணியின் பெயரால் சொல்வார்கள். சோவியத் அதிகாரம் என்பதற்கான ரஷ்யச் சொற்களின் சாயலில் அமைந்த பெயர். முக்கியமான பேச்சு வந்தால் "இது தொலைபேசிப் பேச்சு இல்லை" என்பார்கள். அந்த வழக்கு இன்னும் போகவில்லை.

1992-இல் விலைக் கட்டுப்பாடு போனது. அந்த ஒரே ஆண்டில் விலைகள் ஏறத்தாழ 2,500 சதவீதம் ஏறின. மக்கள் வாயில் ரூபிள் 'மரக்காசு', டாலர் 'பச்சை'. கடை வைத்தவர் 'கிரீஷா' தேட வேண்டியிருந்தது. கூரை என்பதுதான் சொல், மாமூல் வாங்கிக்கொண்டு பாதுகாப்புக் கொடுக்கும் ரவுடிக் கும்பல் என்பது பொருள். போலீசும் நீதிமன்றமும் தராத கூரை அது. 1999 செப்டம்பரில் பிரதமராக இருந்த புதின், பயங்கரவாதிகளைக் கழிவறையில் பிடித்தாலும் தீர்த்துக்கட்டுவோம் என்று அதே திருடர் பேச்சின் வினைச்சொல்லால் சொன்னார். முகாமின் மொழி ஆட்சிபீடம் ஏறிய அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இன்றைய இளைஞர்கள் ஆங்கிலத்திலிருந்து நிறைய எடுக்கிறார்கள். உலகம் முழுவதும் நடப்பதுதான், அதில் நிற்க வேண்டியதில்லை. போர்ச் சொற்களில்தான் நிற்க வேண்டும். ஆப்கன் போரில் துத்தநாகப் பெட்டியில் திரும்பிய உடலுக்கு 'சரக்கு 200' என்று பெயர். இறந்தவர் 200, காயம்பட்டவர் 300. 2022-இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு போரிட மறுப்பவர் 500 ஆனார். அந்த ஆண்டு மார்ச் 4-ஆம் தேதி வந்த சட்டத்தின்படி, ராணுவத்தைப் பற்றிப் பொய்த் தகவல் பரப்பியதாகச் சொல்லி 15 ஆண்டு வரை சிறையில் போடலாம். 'வொய்னா', அதாவது போர், என்ற சொல்லே ஆபத்தானது. மக்கள் நட்சத்திரக் குறி போட்டு எழுதினார்கள். சைபீரிய நகரம் ஒன்றில் ஒரு பெண் தரையில் 'வேண்டாம்' என்று எழுதி, அடுத்த சொல்லின் நடு எழுத்துகள் மூன்றுக்கும் நட்சத்திரம் போட்டார். வழக்கு வந்தது. தான் எழுதியது 'வோப்லா' என்ற கருவாட்டு மீனின் பெயர், தனக்கு அந்த மீன் பிடிக்காது என்றார். முதலில் விசாரித்த நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. அதற்குப் பிறகு ரஷ்யர்கள் பலர் இணையத்தில் போர் என்று எழுத வேண்டிய இடத்தில் வோப்லா என்று எழுதத் தொடங்கினார்கள்.