எண்ணெய்க் கறை படிந்த நோட்டு

நேயர்களுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் கறி கொதிக்கிற நேரம். கிண்டிக்கொண்டே கேளுங்கள், குறையில்லை.

நான் விபத்து வழக்கு வக்கீல். வாய் இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். நம் தென்னாப்பிரிக்காவில், பொதுமக்களே தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறை 1969-லேயே ஒழிந்துவிட்டது. எதிரே இருப்பவர் நீதிபதி ஒருவர்தான். அவரிடம் அழுது பயனில்லை, கணக்கு காட்ட வேண்டும்.

சட்டம் படிக்கப் போகிறேன் என்றதும் எங்கள் ஆயா, "பொம்பளப் புள்ள கோர்ட்டுல நிக்கிறதா?" என்றார். அப்பா சொன்ன பதில் ஒரே பெயர்: நவி பிள்ளை. டர்பன் நகரத்துக் கிளேர்வுட்டில் பஸ் ஓட்டியவரின் மகள். ஊரார் காசு சேர்த்துப் படிக்கவைத்த பிள்ளை. 1967-இல் நேட்டால் மாகாணத்தில் சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்தார். வெள்ளையரல்லாத பெண்களில் அவர்தான் முதல். அத்தனை வருடம் வாதாடியும் நீதிபதியின் அறைக்குள் அவரை விடவில்லை. 1995-இல் அவரே நீதிபதி. எனக்கு அந்தக் கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் முதல் வருடம், அங்கி போட்டு நிற்கிற என்னிடமே "மொழிபெயர்ப்பாளரா?" என்று கேட்டார்கள்!

சரி, கணக்குக்கு வருகிறேன். டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஓர் அக்கா, வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்பவர். பஸ் நிறுத்தத்தில் டாக்சி வேன் இடித்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. முறுக்கு பிழிந்தவர்களுக்குத் தெரியும், அந்த அழுத்தம் எங்கே போய் விழும் என்று. வருமானத்துக்கு என்ன ஆதாரம்? சம்பளச் சீட்டு கிடையாது, வங்கிக் கணக்கும் கிடையாது. "அக்கா, எதையாவது எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். மறுநாள் ரொட்டிப் பையில் சுற்றி ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்தார். பக்கங்கள் எண்ணெயில் ஒட்டிக் கிடந்தன.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "இதை நீங்களே எழுதியிருக்கலாமே?" அக்கா சொன்னார்: "நான்தான் எழுதினேன். எண்ணெய் அதுவாக் கொட்டினது." நீதிபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்களைக் காப்பாற்றியது அந்தப் பதில் இல்லை, நோட்டில் இருந்த நஷ்டம். "மழை. பாதி திரும்பி வந்துச்சு." "மாவு புளிச்சுப் போச்சு." பொய்க் கணக்கு எழுதுகிறவர் நஷ்டம் எழுதுவாரா? விபத்துக்கு முந்தின நாளோடு எழுத்து நின்றுவிட்டது, அதற்கப்புறம் வெற்றுப் பக்கம். ஆக்சுவரி, அதாவது வருமான இழப்பைக் கணக்குப் போடும் நிபுணர், அந்த நோட்டை வைத்துத்தான் இழப்பைக் கணக்கிட்டார். அதனால் சொல்கிறேன், சில்லறை வியாபாரமானாலும் எழுதி வையுங்கள். நஷ்டத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

நாம் போடுகிற ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் ஒரு பங்கு சாலை விபத்து நிதிக்குப் போகிறது. நஷ்டஈடு அதிலிருந்துதான். ஆனால் 2008 ஆகஸ்ட் 1-க்குப் பிறகு, வலிக்கும் வேதனைக்கும் பணம் வேண்டுமென்றால் காயம் "கடுமையானது" என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். உடம்பின் செயல்பாட்டில் 30 சதவீதம் போயிருக்க வேண்டும் என்பது ஓர் அளவுகோல். அந்த முப்பதை எட்டாதவர், நீண்டகாலப் பெரும் பாதிப்பை மருத்துவர் விவரித்து எழுதித் தர, அந்த வழியில் கேட்கலாம். நிதி தராத மிச்சத்துக்கு டிரைவர் மேல் வழக்குப் போடும் உரிமையும் போய்விட்டது. அரசியல் சாசன நீதிமன்றம் 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. எனக்கு இன்றுவரை மனம் ஒப்பவில்லை. மணிக்கட்டு எல்லோருக்கும் ஒரே சதவீதமா?

கட்டணம் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கைகாட்டுகிறார். ஜெயித்தால்தான் கட்டணம் என்று ஒப்பந்தம் போட்ட வக்கீல், கிடைத்த பணத்தில் கால் பங்குக்கு மேல் தொடக்கூடாது, 1997 சட்டம். இடித்த வண்டி தெரிந்தால் மூன்று வருடத்துக்குள் விபத்து நிதிக்கு மனு போகவேண்டும், நிற்காமல் ஓடிய வண்டி என்றால் இரண்டே வருடம். நம்பர் பிளேட்டை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், காகிதம் இல்லையென்றால் உள்ளங்கையில்... இதோ முடித்துவிட்டேன் தம்பி. வணக்கம்.