ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

(கணித நாளன்று எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளிடம் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, காலையிலிருந்து மைக் செட்டுக்கும் நாற்காலிக்கும் தானே அலைந்த நூலகர் அவர்களே, பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நடத்திக் கூட்டிவந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, எனக்குச் சால்வை வேண்டாம் என்று சொன்னதும் அந்தப் பணத்துக்கு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்துவிட்ட வார்டு உறுப்பினர் அக்கா அவர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் என் செல்லங்களே!

இன்று டிசம்பர் 22. 1887-இல் இதே நாளில்தான் ஈரோட்டில் ராமானுஜன் பிறந்தார். அவரைப் பற்றி நிறையப் பேர் பேசுவார்கள், நான் உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் சொற்களைப் பற்றிப் பேசுகிறேன். எண், வடிவம், பின்னம், அப்புறம் இயற்கணிதம் என்று நான்கும் சொல்ல ஆசை. என் பாட்டி அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பழமொழி சொல்வார்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சீப்பால் தலையில் நேராக ஒரு கோடு எடுக்கிறாரே, அதற்கு என்ன பேர்? வகிடு. முடியை இரண்டு பக்கமாகப் பிரிக்கிறது. வகுத்தலும் அதே சொல்தான், நீங்கள் படிக்கும் வகுப்பும் அதே சொல்தான். 17 முறுக்கை 5 பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு 3 வரும், அது ஈவு. ஈதல் என்றால் கொடுத்தல் இல்லையா, அதுதான் ஈவு. தட்டில் கிடக்கும் 2 முறுக்கு மீதி. சரி, 7 முறுக்கு இருந்தால்? ஒருவரே வைத்துக்கொள்ளலாம், இல்லை ஏழு பேருக்கு ஒவ்வொன்று கொடுக்கலாம், வேறு எப்படிப் பங்கு போட்டாலும் மீதி நிற்கும். பகுக்க முடியாததால் அது பகா எண். வடிவத்துக்கு வந்தால், வட்டத்தின் குறுக்கே நடுவழியாகப் போகும் கோடு விட்டம். ஓட்டு வீட்டில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போகிறதே மரம், அதுவும் விட்டம்தான். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பார்த்தால் ஆரம் புரிந்துவிடும்.

இப்போது பின்னம். போன கோடையில் எங்கள் வீட்டு நிலைக்கதவைச் சரிசெய்ய ஒரு ஆசாரி வந்தார். காதில் பென்சில், இடுப்பில் டேப். திண்ணையில் பக்கத்து வீட்டுப் பையன் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கால் கூட்டல் அரைக்கால், அதாவது 1/4 + 1/8. மேலே இருந்ததைக் கூட்டினான், கீழே இருந்ததைக் கூட்டினான், 2/12 என்று எழுதிவிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் ஆசாரி இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "தம்பி, இங்க பாரு" என்று டேப்பை நீட்டினார். "ஒரு இஞ்சுக்கு எத்தனை நூல்?" பையன் கோடுகளை நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினான். எட்டு. "கால் இஞ்சுன்னா?" ரெண்டு நூல். "அரைக்கால்னா?" ஒரு நூல். "ரெண்டையும் சேரு." மூணு நூல்! எட்டில் மூன்று, 3/8. அத்தோடு விடவில்லை அவர். "நீ எழுதின ரெண்டு பை பன்னெண்டு ஆறுல ஒண்ணுடா, அது காலை விடக் கம்மி. காலோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா கம்மியாகுமா?" என்றார். பையன் ரப்பரைத் தேடினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன். எத்தனை பேருக்கு அது வெறும் மேல் எண், கீழ் எண்ணாகவே நின்றுபோகிறது! எத்தனையாகப் பகுத்தோம் என்பது பகுதி, அதில் எத்தனையைத் தொகுத்து எடுத்தோம் என்பது தொகுதி. ஆசாரியின் டேப்பில் இரண்டும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

நம் முன்னோர் இந்தப் பின்னங்களுக்குத் தனித்தனிப் பேரே வைத்திருந்தார்கள். மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டினால் மாகாணி, அது 1/16. வேண்டுமானால் வீட்டில் கூட்டிப் பாருங்கள், 4/80 உடன் 1/80 சேர்ந்தால் 5/80. ஒரு பேருக்குள்ளேயே ஒரு கூட்டல் கணக்கு! ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் ஒரு அணா என்பது ரூபாயில் மாகாணி. 1957-இல் நூறு பைசா வந்தது, கடைத்தெருவிலிருந்து மாகாணி போய்விட்டது. உழக்கும் ஆழாக்கும் பரணுக்குப் போய்விட்டன.

தலைவர் அவர்களே, அதனால்தான் நான் மூன்று வருடமாக எல்லா மேடையிலும் கேட்கிறேன், இங்கேயும் கேட்கிறேன். இந்த நூலகத்தில் ஒரு அளவுப் பெட்டி வேண்டும். ஒரு படி, ஒரு உரி, ஒரு உழக்கு, ஒரு ஆழாக்கு, ஒரு தராசு, நாலு டேப். பிள்ளைகள் மணலை அள்ளி அளக்கட்டும். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி என்று கை கண்டுகொண்ட பிள்ளைக்கு 1/8 பயம் காட்டாது. இதற்குப் பெரிய நிதி வேண்டாம், ஒரு அலமாரித் தட்டு போதும்.

இயற்கணிதத்துக்கு நேரமில்லை, நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார். தாய்மார்களே, பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்வீர்கள் இல்லையா, அப்போது பழைய படியோ உழக்கோ கிடைத்தால் பழைய பாத்திரக்காரருக்குப் போடாமல் இங்கே கொண்டுவந்து கொடுங்கள். என் பாட்டியின் ஆழாக்கு இதோ இந்தப் பையில் இருக்கிறது. அடியில் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, ஆனால் அளவு சரியாக இருக்கிறது, நேற்று இரவு தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டேன். நூலகர் அவர்களே, வாங்கிக்கொள்ளுங்கள்.