பிளை ஆஷ் கல்லுக்குள்ள காந்த உலோகம்! எடுக்கப் போனா நுங்கு!

வணக்கம் மக்களே! காம்பவுண்டு சுவருக்கு வாங்குன பிளை ஆஷ் (அனல் மின் நிலையத்துச் சாம்பல்) கல்லு இருக்குல்லா, அதுக்குள்ள ஸ்பீக்கர் காந்தத்துக்குப் போடுற நியோடிமியம் இருக்கு. நியோடிமியம் மாதிரி அரிய மண் தனிமங்கள் எல்லாம் சேத்தா டன் சாம்பலுக்குச் சில நூறு கிராம் தேறும். கணக்குக்கு 400-ன்னு வச்சுக்குவோம். அதுலயும் பாதி போல மலிவான சீரியமும் லாந்தனமும்தான். சுத்தியல எடுத்துறாதீங்க அண்ணாச்சி!

தூத்துக்குடி அனல் மின் நிலையத்துல 210 மெகாவாட் அலகு அஞ்சு அமைச்சாங்க. கரி எரியுது, சாம்பல் மிஞ்சுது. வரலாறு முடிஞ்சுது.

"அமிலத்த ஊத்துனா கரைஞ்சுரும்லா?" கரையாது. கொதிகலன் சூட்டுல உருகி சட்டுனு ஆறுனதால சாம்பல் முக்கால்வாசி கண்ணாடி உருண்டை. உலோகம் உள்ள மாட்டிக்கிடக்கு. அதனால மொதல்ல சம எடை காஸ்டிக் சோடா சேத்து, நிக்கல் மூசையில (சூடு தாங்குற கிண்ணம்) 450 டிகிரில வறுக்கணும். பீங்கான் மூசைன்னா சோடா அதையும் அரிச்சுரும். ஆறினதும் தண்ணி விட்டுக் கழுவினா தண்ணியில கரையுற சிலிக்கா பெரும்பகுதி போயிரும். அப்புறந்தான் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

இப்பதான் எனக்குப் பிடிச்ச கட்டம். கழுவுறதுல சோம்பேறித்தனம் பட்டீங்கன்னா, மிச்ச சிலிக்கா அமிலத்துல சிலிசிக் அமிலமா கரைஞ்சு நிக்கும். பாக்க வெறும் தண்ணி. பி.எச். (அமிலத்தன்மை அளவு, எண் ஏற ஏற அமிலம் குறையும்) 2 கிட்ட பொறுமையா இருக்கும். கரைசல்ல கலந்திருக்கிற இரும்ப அடியில படிய இறக்கணும்னு பி.எச்.-ஐ ஏத்துவீங்க பாருங்க, அப்ப மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு கைகோத்து, 5, 6-ஐ நெருங்குறப்போ படுவேகமா உறைஞ்சு, பீக்கரைக் கவுத்தாலும் விழாம நுங்காட்டம் நிக்கும். என் திருநெல்வேலிப் பேச்சக் கேட்டதும் அல்வா வரும்னுதான நெனச்சீங்க? பில்டர் துணி அடைச்சுரும், உலோகக் கரைசலும் அந்தக் கூழுக்குள்ளயே சிக்கிக்கும். நுங்கு எமோஜி ஒண்ணு கமெண்ட்ல போட்டு விடுங்க!

கூழ் இல்லன்னா மிச்சம் லேசு. ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு, பி.எச். 3 தாண்டுனதும் இரும்பு துருநிறத்துல இறங்கும். அவசரப்பட்டு 5 வரைக்கும் போனா அலுமினியம் கொழகொழன்னு இறங்கி, அரிய மண் கூட்டத்துல ஒண்ணான ஸ்காண்டியத்தையும் இழுத்துட்டுப் போயிரும். வடிச்ச கரைசலைத் திரும்ப 1.5-க்குக் கொண்டுவந்து அரிய மண் தனிமங்களை இறக்க ஆக்சாலிக் அமிலம், தாராளமா. கரைசல்ல நிக்கிற அலுமினியமும் அதுல பங்கு கேக்கும். வெள்ளையா இறங்குற ஆக்சலேட்டை 850 டிகிரில சுட்டா ஆக்சைடு. கால்சியமும் கூடவே வந்திருக்கும், அதனால இது இன்னும் கலவைதான்.

இப்ப கணக்குக்கு வருவோம். 400 கிராமுக்கு ஒரு டன் சாம்பல், கூடவே ஒரு டன் காஸ்டிக் சோடா, அதுக்கு மேல அமிலம். என்னைக் கேட்டா, சாம்பல் விஷயத்துல இந்த சோடா செலவைக் குறைக்கிறவன்தான் கெட்டிக்காரன். மொதல்ல காந்தம் வச்சு இரும்புத் துகளை எடுத்துட்டா அமிலமாவது கொஞ்சம் மிச்சம். சோடாவைக் குறைக்க ஒங்ககிட்ட யோசனை இருந்தா கீழ எழுதுங்க. வீட்டு அடுப்புல மட்டும் வேண்டாம்!