கடனாளிக்காகப் பேச ஒருவர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தவணை தவறியவர்களின் சார்பில், அவர்கள் எழுதித் தந்த அதிகாரத்தின் பேரில், கடன் வசூலிப்பவர்களோடு பேசும் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பலர், எவ்வளவு கடன் என்று சொல்வதற்கு முன்பே கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். அப்படி வந்த ஒரு பெண்மணி, அது அதிரும் போதெல்லாம் பேச்சை நிறுத்தி, அடங்கும்வரை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இப்போது பணம் கேட்பது கடன் கொடுத்த நிறுவனமா அல்லது அந்தக் கடனை விலைக்கு வாங்கிய வேறொன்றா என்பது எதுவும் அவருக்குத் தெரியவில்லை. பயந்திருப்பவருக்குக் கணக்குக் கேட்க வாய் வராது; அவருக்காகக் கேட்கத்தான் பிரதிநிதி.

வழக்கறிஞரோ, கடன் ஆலோசகரோ, விவரமறிந்த உறவினரோ அந்தப் பொறுப்பை ஏற்கலாம். ஆனால் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. கடன் கணக்கின் எண், பிரதிநிதியின் பெயர், முகவரி, அதிகாரம் எதுவரை என்பவற்றைக் குறித்துக் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அதில் ஒரு வாக்கியத்தை நான் வற்புறுத்திச் சேர்க்கச் சொல்வேன்: என் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றிக் கடனை ஒப்புக்கொள்ளவோ, புதிய தவணைக்கு இசையவோ இவருக்கு அதிகாரமில்லை. பல நாட்டுச் சட்டங்களில், காலவரம்பு முடிவதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ ஒரு சிறு தொகையைக் கட்டினாலோ, வழக்குத் தொடுப்பதற்கான காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

எல்லாப் பிரதிநிதிகளுக்கும் சட்டம் ஒரே மதிப்புத் தருவதில்லை. அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுக் கடன் வசூல் சட்டப்படி, கடனாளிக்கு வழக்கறிஞர் இருப்பது தெரிந்துவிட்டால், வசூல் நிறுவனம் பொதுவாக அந்த வழக்கறிஞரிடமே பேச வேண்டும். உறவினருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவு, காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைப்பதைத் தடை செய்கிறது. அதை மீறினால் புகார் கொடுக்க, தேதியும் நேரமும் குறித்து வைத்த ஒரு நோட்டு போதும்.

பிரதிநிதியின் முதல் கடிதத்தில் எவ்வளவு கட்டுவோம் என்ற பேச்சே வரக்கூடாது என்பது என் கருத்து. மூல ஒப்பந்தத்தின் நகலையும், அசல், வட்டி, அபராதம் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் கணக்கையும் மட்டும் கேட்க வேண்டும். அந்தப் பெண்மணிக்கு அப்படி வந்த கணக்கை அவருடைய ரசீதுகளோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தோம். அவர் கட்டிய இரண்டு தவணைகள் வரவு வைக்கப்படவே இல்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, அன்றுதான் அவர் கைப்பேசியைத் தானே நிமிர்த்தி வைத்தார்.

கடனைக் குறைத்துத் தருகிறோம் என்று முன்பணம் கேட்பவர்களிடம் தயவுசெய்து அதிகாரக் கடிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள். தொலைபேசி வழியே ஆள் பிடிக்கும் இத்தகைய நிறுவனங்கள் முன்பணம் வாங்குவதை அமெரிக்கா 2010இல் தடை செய்ததற்குக் காரணம், ஏற்கெனவே நொந்தவர்கள் அங்கே இரண்டாம் முறை ஏமாந்ததுதான்.

பிரதிநிதி இருக்கிறார் என்பதற்காக வழக்கு நின்றுவிடாது. நீதிமன்ற அழைப்பாணை உங்கள் பெயருக்குத்தான் வரும். வந்த அன்றே அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். குறித்த நாளுக்குள் பதில் தராவிட்டால், உங்கள் தரப்பைக் கேளாமலேயே தீர்ப்பாகிவிடக்கூடும்.

நன்றி, வணக்கம்.