ஆணி முனையில் எழுதிய சுவர்

நேயர்களுக்கு வணக்கம்.

லண்டனுக்கு வடக்கே, ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில், ஆஷ்வெல் என்றொரு கிராமம். கேம் நதியின் ஒரு கிளை அந்த ஊர் ஊற்றுகளில்தான் பிறக்கிறது. அவ்வளவு சின்ன ஊரில் 176 அடி உயரக் கோபுரத்தோடு நிற்கிறது புனித மரியாள் ஆலயம். 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அடுக்கடுக்காக எழும்பி, உச்சியில் எண்கோண மாடம், அதற்கும் மேலே ஈயத் தகடு போர்த்திய ஊசிமுனை.

கோபுரத்துக்குப் பயன்படுத்திய கல்லின் பெயர் கிளஞ்ச். சுண்ணாம்புக் கல்லில் மெதுவான ஒரு வகை. அந்த வட்டாரத்திலேயே கிடைக்கும். ஆனால் மழையும் உறைபனியும் பட்டால் உதிர ஆரம்பித்துவிடும். எத்தனையோ முறை பழுது பார்த்தாயிற்று. கட்டுகிறவருக்கு இது குறைதான். எனக்கோ இந்த ஆலயத்தின் மேல் இத்தனை பிரியம் வந்ததே அந்த மென்மையால்தான். கையில் ஓர் ஆணி இருந்தால் போதும், அந்தக் கல்லில் எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள்.

மூலைகள் சரியாகப் பொருந்தவில்லை, காறித் துப்புகிறேன் என்று லத்தீனில் ஒருவர் கீறி வைத்திருக்கிறார். வேலையின் சுத்தம் தெரிந்தவருக்குத்தான் அவ்வளவு கோபம் வரும். இன்னொருவர் லண்டனின் பழைய செயின்ட் பால் பேராலயத்தை வரைந்திருக்கிறார். 1666 பெருந்தீயில் அழிந்த அந்தப் பேராலயம், இங்கே ஒரு கிராமத்துச் சுவரில் கோட்டுச் சித்திரமாக இருக்கிறது.

ஆனால் கால் நகராமல் நிற்க வைப்பது கோபுரத்தின் உள்ளே, வடக்குச் சுவர். ஆயிரம், மூன்று நூறு, ஐந்து பத்து என்று ஆண்டைச் செய்யுளாக அடுக்கித் தொடங்குகிறது ஒரு வரி. அதாவது 1350. கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒருவரையாவது கொண்டுபோன சமயம். பரிதாபமான, மூர்க்கமான, கொடிய ஆண்டு. சாட்சி சொல்ல மிஞ்சியது மக்களில் கடைப்பட்டவர்களே என்கிறது அந்த வரி. எழுதியவர் தன்னையும் அதில் சேர்த்துத்தானே சொல்கிறார்! ஊரில் பாதிப் பேரைப் புதைத்துவிட்டு வந்தவர்போல ஒரு குரல், அதிலும் யாப்பு தப்பாமல்.

அதன் கீழே இன்னொரு செய்தி: 1361இல் புனித மௌருஸ் நாளில் பெருங்காற்று உலகமெங்கும் இடித்து முழங்கியது. அன்றைக்கு அங்கே ஆண்டு பிறப்பது மார்ச் 25இல். அதனால் நம் கணக்குப்படி அது 1362 ஜனவரி 15.

காற்றும் ஓய்ந்தது. அப்புறம் கொத்தனார்கள் வந்தார்கள், போனார்கள்; வெளிச்சுவரில் உதிர்ந்த கல்லை மாற்றினார்கள். உள்ளே, வடக்குச் சுவரில், அந்த வரிகளை யாரும் செதுக்கித் துடைக்கவில்லை.

நன்றி, வணக்கம்.