மெயின் சுவிட்ச் யார் வீட்டில் இருக்கிறது?

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். கொடுத்த நேரம் குறைவு, நேரே வாதத்துக்கு வருகிறேன்.

நாட்டின் பாதுகாப்புக்குச் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள், அதாவது நம் இஸ்ரோவின் நாவிக், அவசியம் என்பது எங்கள் அணி. உலகத்துக்கே இலவசமாகக் கிடைக்கிற அமெரிக்காவின் ஜிபிஎஸ் போதும் என்பது எதிரணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "நாவிக் என்பது ஆகாயத்தில் கட்டிய மணிக்கூண்டு. அண்ணாந்து பார்க்கலாம், பெருமைப்படலாம், மணி மட்டும் ஓடாது" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலுக்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சுவிட்சின் கதையைக் கேளுங்கள்.

1990 ஆகஸ்ட். குவைத்துக்குள் ஈராக் படை புகுந்துவிட்டது. அமெரிக்கப் படை பாலைவனத்தில் வந்து இறங்குகிறது. மரம் இல்லை, மைல்கல் இல்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் மணல். கையில் ஜிபிஎஸ் இல்லாமல் வழி கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அந்தக் காலத்து ஜிபிஎஸ்ஸில் இரண்டு தரம் உண்டு. ராணுவக் கருவியில் சங்கேதச் சாவி இருக்கும், அது சரியான இடத்தைக் காட்டும். கடையில் விற்கிற கருவிக்கு வருகிற சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்புவார்கள், அது 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். இப்போது என்ன சிக்கல் என்றால், அமெரிக்க ராணுவத்திடமே ராணுவக் கருவி போதவில்லை! கடைக் கருவிகளை ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். வீட்டார் வாங்கிப் பார்சலில் அனுப்பிய கருவியோடும் சிப்பாய்கள் களத்தில் நின்றார்கள். ஆனால் அத்தனையும் 100 மீட்டர் பிழைக் கருவிகள்.

அமெரிக்கா என்ன செய்தது? சுவிட்சை அணைத்தது. பிழை கலப்பதை நிறுத்தியது. மறுகணம் உலகத்தில் இருந்த அத்தனை கடைக் கருவிகளும் சரியாகக் காட்டின. போர் முடிந்தது. மறுபடி சுவிட்சைப் போட்டது. மறுபடி உலகத்துக்கே 100 மீட்டர் பிழை.

நடுவர் அவர்களே, இன்னொரு முறை சொல்கிறேன். தன் பிள்ளைக்குத் தேவைப்பட்டபோது விளக்கு எரிந்தது. தேவை தீர்ந்ததும் ஊர் முழுக்க மங்கியது. விளக்கு நம் வீட்டுக் கூடத்தில் இருக்கலாம், பல்பு நாம் வாங்கியதாக இருக்கலாம். மெயின் சுவிட்ச் யார் வீட்டில் இருக்கிறது?

2000 மே மாதத் தொடக்கத்தில்தான் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். அப்படியென்றால் 1999 கோடையில், கார்கில் நேரத்தில், அது இயங்கிக்கொண்டுதான் இருந்தது. இந்தியா ஜிபிஎஸ் தகவல் கேட்டும் அமெரிக்கா தர மறுத்ததா இல்லையா என்று எதிரணி விவாதிக்கட்டும், எனக்கு அந்த விவாதமே தேவையில்லை. கத்தி முனை போன்ற மலை முகட்டில் 100 மீட்டர் என்றால் என்ன அர்த்தம்? முகட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதுதான் அர்த்தம். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற உத்தரவோடு நம் விமானங்கள் பறந்த போர் அது.

இப்போது அண்ணனின் மணிக்கூண்டுக்கு வருகிறேன்.

அண்ணே, நீங்கள் கேலியாகச் சொன்னீர்கள். நான் மனசாரச் சொல்கிறேன், அது மணிக்கூண்டேதான்! வழிகாட்டிச் செயற்கைக்கோள் வேறென்ன செய்கிறது? "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது." இதைத்தான் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. கீழே இருக்கிற கருவி, அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்த்து, ஒளியின் வேகத்தால் பெருக்கித் தூரத்தைக் கண்டுபிடிக்கிறது. நாவிக் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிக்னல் இறங்கிவர நொடியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் ஆகும். அந்தக் கணக்கில் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தரையில் 300 மீட்டர் பிசகும். நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் 30 சென்டிமீட்டர்.

கீழே நம் கையில் இருக்கும் கருவியில் அணுக் கடிகாரம் கிடையாது, மலிவான குவார்ட்ஸ்தான். அதனால் நீளம், அகலம், உயரம் என்ற மூன்றோடு, தன் கடிகாரம் எவ்வளவு தப்பாக ஓடுகிறது என்ற நாலாவதையும் அது கண்டுபிடிக்க வேண்டும். நாலு விடைக்கு நாலு செயற்கைக்கோள். மூன்றுதான் தெரிகிறது என்றால் முழுமையான இடம் கிடைக்காது.

மேலே செயற்கைக்கோளில் இருப்பது ரூபிடியம் என்ற உலோகத்தை வைத்து ஓடும் அணுக் கடிகாரம். ஒரு சின்னக் கண்ணாடிக் கூட்டில் ரூபிடியத்தைச் சூடாக்கி ஆவியாக வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் ரூபிடியம் விளக்கு, எதிர்ப் பக்கம் ஒளி உணரி. நடுவில் நுண்ணலையைச் செலுத்துவார்கள். நொடிக்கு 683 கோடி அதிர்வுக்குச் சற்று மேலே, ரூபிடியத்துக்கே உரிய அந்த ஓர் எண்ணில் அலை சரியாகப் பொருந்தும்போது, ஆவியைக் கடந்து வருகிற வெளிச்சம் ஒரு துளி மங்கும். அந்த மங்கலைப் பிடித்துக்கொண்டு குவார்ட்ஸைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். விண்ணில், பழுது பார்க்க ஆள் போக முடியாத இடத்தில், ஆண்டுக்கணக்கில் இது நடக்க வேண்டும்.

நின்றதா? நின்றது. மறைக்க மாட்டேன். 2013 ஜூலையில் போன நாவிக்கின் முதல் செயற்கைக்கோள் 1ஏ-யில் மூன்று கடிகாரங்கள். மூன்றும் நின்றுபோயின. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பிய 1எச், ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டது. 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 என்ற புதிய தலைமுறை நாவிக் செயற்கைக்கோளின் சுற்றுப்பாதையை உயர்த்த முடியவில்லை, உந்துபொறிக்கு ஆக்சிஜனேற்றியை விடும் வால்வு திறக்கவில்லை. ஒவ்வொன்றும் வலி.

ஆனால் அண்ணே, நின்ற அந்தக் கடிகாரங்கள் எங்கே செய்தவை? சுவிட்சர்லாந்தில். கூண்டு நம்முடையது, கடிகாரம் வாங்கி மாட்டியது! ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்களிலும் கடிகாரங்கள் நின்றதை 2017 ஜனவரியில் ஐரோப்பிய விண்வெளி முகமையே அறிவித்தது. வாங்கிய பொருள் நின்றதைக் காட்டி, முழுவதையுமே வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்கிறீர்களே, இது என்ன கணக்கு? நம் ஆட்கள் வேறு கணக்குப் போட்டார்கள். அகமதாபாத்தில் உட்கார்ந்து ரூபிடியம் கடிகாரத்தைத் தாங்களே செய்தார்கள். 2023 மே 29 அன்று என்விஎஸ்-01-இல் அது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. அந்தக் கடிகாரத்துக்கு இப்போது கைதட்டுங்கள்!

எதிரணித் தங்கை ஒருவர், ஜாமர் போட்டால் எல்லாம் காலி என்றார். இரைச்சலை அள்ளி வீசினால் எந்த சிக்னலும் தடுமாறும், உண்மை. அதனால்தான் ஏவுகணைக்குள் சுழற்சியையும் முடுக்கத்தையும் தானே அளந்து செல்லும் கருவியும் இருக்கிறது. அதன் பிழை நேரம் போகப்போக வளரும், செயற்கைக்கோள் அதை இடையிடையே திருத்தும். ஜாமரைவிடப் பொல்லாதது போலி சிக்னல். பொது சிக்னலின் வடிவம் ஊரறிந்தது, யாரும் நகலெடுக்கலாம். நாவிக்கில் படைக்கென்று தனியாகச் சங்கேத சேவை உண்டு. சாவி நம்மிடம்.

இன்னொன்று. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போகிறது. கேரளத்தின் தும்பாவில் 1963-இல் ராக்கெட் தளம் வந்ததே அதனால்தான். வானில் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த அடுக்குதான் அயனி மண்டலம்; இந்தப் பகுதியில் அது சிக்னலைத் தாமதப்படுத்தும், அலைக்கழிக்கும். நாவிக் எல்5 என்ற அலைவரிசையோடு எஸ் என்ற அலைவரிசையிலும் பேசுகிறது, 2492 மெகாஹெர்ட்ஸ். எல்5-இல் 10 மீட்டர் தாமதம் வந்தால் எஸ்-இல் 2 மீட்டர் சொச்சம்தான் வரும். இரண்டையும் ஒப்பிட்டால் பிழையின் பெரும்பகுதியைக் கழித்துவிடலாம். நம் வானத்தை மனதில் வைத்து வேறு எவர் இதைச் செய்வார்கள்?

நடுவர் அவர்களே, மணி அடிக்கக் கை போகிறது, தெரிகிறது. ஒரு நிமிடம்.

2017 நவம்பர் 30. ஒக்கி புயல். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை. ஆழ்கடலில் நாட்கணக்கில் தங்கி மீன்பிடிக்கிறவர்களின் ஊர்கள். புயல் வருகிறது என்று கரையில் தெரிந்தபோதும், கடலுக்குள் இருந்தவர்களுக்குச் சொல்ல வழியில்லை. கைப்பேசி எட்டாது, படகு வயர்லெஸ் எட்டாது. எத்தனையோ பேர் திரும்பவில்லை. எத்தனையோ வீட்டில் உடல்கூட வரவில்லை.

நாவிக்குக்கு இந்தியாவைச் சுற்றி 1500 கிலோமீட்டர் வரை எட்டும். அதன் வழியாகச் சின்னச் செய்தி அனுப்பலாம். படகில் ஒரு சிறு கருவி வாங்கிக்கொண்டு புளூடூத்தில் கைப்பேசிக்குத் தரும், தமிழில். "காற்று வருகிறது, கரைக்குத் திரும்பு." இஸ்ரோ அந்தக் கருவியைச் செய்தது. போர்க்களத்துக்கென்று நினைத்த அதே செயற்கைக்கோள் கூட்டம்.

அந்தச் செய்தியை அனுப்ப நாம் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? சின்னத்துறைக் கரையில் கடலையே பார்த்து நின்றாளே ஒரு தாய், அவளிடம் போய் "ஜிபிஎஸ் போதும்" என்று சொல்லிப் பாருங்கள் அண்ணே.

வணக்கம்.